பூர்வீகம் மட்டும் போதுமா?

ஒரு நூதனசாலையும் ஒரு பிரதிதான். அதை எழுதியவர் யார், எதைச் சொன்னார், எதை விட்டார் என்று கேட்டே வாசிக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பாவின் யூத நூதனசாலைகளை இங்கு எடுத்துக்கொள்கிறேன். பலஸ்தீனத்தை மறந்து இதை எழுதவில்லை. அயலவரால் துரத்தப்பட்டவர்களின் நினைவு எவ்வாறு பேணப்படுகிறது என்பது நமது பிரச்சினையும்தான்.

பிராக் நகரின் பின்காஸ் தொழுகைக்கூடச் சுவர்களில், நாசிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கம்யூனிஸ ஆட்சியில், 1968இல், அம்மண்டபம் மூடப்பட்டது, பெயர்கள் அழிந்தன. ஆட்சி மாறிய பின்னர், 1990களில், அவற்றை மீண்டும் எழுதினார்கள்.

வார்சோவில் முன்பு யூதச் சேரி இருந்த இடத்தில் அமைந்த போலின் நூதனசாலை 2014இல் தனது நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தது. ஆயிரம் வருட வாழ்வைச் சொல்லும் அக்கண்காட்சி, 1941இல் ஜெத்வாப்னேயில் போலந்துக்காரர்களே தமது யூத அயலவரைக் கொன்றதையும் மறைக்கவில்லை. 1968இல் கம்யூனிஸ அரசு நடத்திய யூத எதிர்ப்புப் பிரசாரத்தால் சுமார் 13,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஐம்பதாண்டு கழித்து, 2018இல், போலின் அதைக் காட்சிப்படுத்தியது. ஆட்சியாளர் முகஞ்சுளித்தனர். போட்டியில் மீண்டும் தெரிவான பணிப்பாளர் தாரியுஷ் ஸ்தோலாவுக்கு அமைச்சர் நியமனம் வழங்கவில்லை. அரசு மாறினாலும் நினைவைக் கண்டு அஞ்சும் பழக்கம் மாறுவதில்லை.

இனி நம்மிடம் வருவோம். 2015இல் காத்தான்குடியில் திறக்கப்பட்டது பூர்வீக நூதனசாலை. ஆளுயர உருவங்களால் நமது வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் காட்டும் முயற்சி அது. பாராட்ட வேண்டியதே. ஆயினும் அந்தப் பெயர் என்னை உறுத்துகிறது. நாங்கள் வந்தேறிகள் அல்லர் என்று பெரும்பான்மையிடம் சாட்சி சொல்லும் அவசரம் அதில் தெரிகிறது. பிறர் முன் சாட்சி சொல்வது வேறு, நமக்கு நாமே கணக்குச் சொல்வது வேறு.

அதே ஊரில், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிச் சன்னத் துளைகள் பேணப்பட்டுள்ளன. உருவமில்லை, அலங்காரமில்லை, எந்த நூதனசாலையையும்விட அச்சுவர் உரத்துப் பேசுகிறது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட சுமார் 75,000 பேருக்கு அப்படியொரு சுவர்கூட வாய்க்கவில்லை.

ஆனால் அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டபோது நமது ஊர்காவல் படையினருக்கும் அதில் பங்கிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதத்தான் வேண்டும். நமது ஜனாஸாக்களை மட்டும் எண்ணினால் கணக்கு நேராகாது.

அன்புவழிபுரத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம் 1990 பற்றிப் பேச்செடுத்தால், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கேட்ட பாதியையே சொல்கிறார்கள். இரண்டு பாதிகளையும் ஒரே கூரையின்கீழ் வைக்கும் நூதனசாலையை நாம் இன்னும் கட்டவில்லை. அதுவரை அந்தப் பொறுப்பு இலக்கியத்தினுடையது. நமது கதைகளும் கவிதைகளும் அதைச் செய்கின்றனவா, அல்லது அவையும் பூர்வீகம் பேசியே ஓய்ந்துவிடுகின்றனவா?