பூட்டு ஊரில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு

போன மாசம் என் தங்கை வீட்டுக்கு ஒரு கூரியர் பெட்டி வந்தது. நாலு வயசுப் பையனுக்காக ஆன்லைனில் வாங்கிய ‘பிஸி போர்டு’. ஒரு பலகை, அதில் ஒரு ஜிப், ரெண்டு பட்டன், ஒரு கொக்கி, ஒரு தாழ்ப்பாள், சாவியோடு சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் பூட்டு. கூடவே வழுவழு தாளில் ஒரு பட்டியல்: எது நுண்தசைத் திறனுக்கு, எது கண்-கை ஒருங்கிணைப்புக்கு, எது ‘வாழ்க்கைத் திறனுக்கு’ என்று.

வீடு இருப்பது திண்டுக்கல் நாகல் நகரில். பூட்டுக்குப் பேர் போன ஊர், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிய பூட்டு. தங்கை வீட்டு ஸ்டோர் ரூம் கதவிலேயே ஒரு பழைய மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. பையன் அதைத் தொட்டால், “கைய எடுடா, கால்ல போட்டுக்குவ” என்று ஒரு அதட்டல். அடுத்த நிமிஷமே பலகையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இந்தப் பலகையின் பூர்வீகம் மாண்டிசோரி. 1907 ஜனவரி 6-ம் தேதி, ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், கூலி வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளுக்காக அவர் தன் முதல் பள்ளியைத் திறந்தார். பட்டன் போட, நாடா முடிச்சுப் போடப் பழகுவதற்கு மரச்சட்டத்தில் துணியை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அந்தச் சட்டம் ஒரு படிக்கட்டு மட்டுமே. அதில் பழகிய பிள்ளை தன் சட்டைக்குத் தானே பட்டன் போடணும், அதுதான் நோக்கம். அங்கே பிள்ளைகள் தரையைப் பெருக்கினார்கள், பீங்கான் தட்டு வைத்தார்கள், சூப் பரிமாறினார்கள். போட்டால் உடைகிற பாத்திரத்தை வேண்டுமென்றே கொடுத்தார் மாண்டிசோரி. உடைந்தால் யாரும் திட்ட வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிடும்.

நம்ம ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டார். 1942 முதல் 1944 வரை இருந்தது கொடைக்கானலில். திண்டுக்கல் மாவட்டம் பிரிந்ததே 1985-ல்தான் என்பதால் அப்போது அது மதுரை ஜில்லா. இயற்கையையும் உலகத்தையும் பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற அவருடைய யோசனைகள் அந்த மலையில் வளர்ந்தன. இவ்வளவு பக்கத்தில் நடந்த ஒரு விஷயம், பல வருஷம் கழித்து, கூரியர் பெட்டியில் பிளாஸ்டிக் பூட்டாக வந்து இறங்குகிறது.

பலகை கெட்டது என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சி தாமதமாகிற குழந்தைக்குச் சிகிச்சையாளர் பார்த்துக் கொடுக்கும் பயிற்சிப் பொருள் வேறு விஷயம், அதில் எனக்குக் கருத்து சொல்லத் தகுதி இல்லை. என் குறை அந்தப் பலகையில் ‘எதுக்கு’ என்பதே இல்லை என்பதுதான். பூட்டைத் திறந்தால் உள்ளே ஒண்ணுமில்லை. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூணு முதல் ஆறு வயசு வரையுள்ள பிள்ளைகளிடம், ஒரு வேலையை நிஜமாகச் செய்யப் பிடிக்குமா, அதையே சும்மா பாவனையாகச் செய்யப் பிடிக்குமா என்று கேட்டார்கள். நிஜத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் அதிகம். அடுப்படியில் மாவு பிசையும்போது “எனக்கும் கொஞ்சம் குடு” என்று வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமில்லை.

பூக்கட்டுவதை எடுத்துக்கொள்வோம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்குப் பேர் போனது, எங்கள் தெருவில் சாயங்காலம் திண்ணைக்குத் திண்ணை பூ இருக்கும். ஈரமாக்கிய வாழை நாரோ நூலோ இடது கையில். ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், காம்பும் காம்பும் ஒட்டி நிற்கிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்திப் பிடிக்கணும். வலது கை நாரைச் சுற்றி, ஒரு வளையம் போட்டு, அதைக் காம்புக்கு மேலே இழுத்து இறுக்கணும். ரொம்ப இறுக்கினால் காம்பு அறுந்து பூ மடியில் விழும். தளர விட்டால் தூக்கும்போது உருவிக்கொண்டு போகும். எவ்வளவு இறுக்கம் சரி என்று வாயால் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, விரல்தான் கண்டுபிடிக்கணும். ஒரு கை பிடிக்க, இன்னொரு கை வேறு வேலை செய்ய, கண் அடுத்த பூவைத் தேடும். மொட்டின் குளுமை, நாரின் ஈரம், வாசம் எல்லாம் சேர்ந்து வருகிறது. பென்சில் பிடிப்பதற்கு எந்த மூணு விரல் வேணுமோ அதே மூணு விரல்தான் இங்கேயும் உழைக்கிறது. கட்டி முடித்தால் ஒரு முழம் பூ, அதை ஒருத்தர் தலையில் வைத்துக்கொள்வார். முருங்கைக்கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பது எல்லாம் இதே ரகம். (கடைசியில் சொன்னதைச் சட்டை நனையாமல் செய்ய எனக்கு எட்டு வயசாச்சு.)

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். ‘பாட்டி காலத்துப் பழக்கமே பெஸ்ட்’ என்று நாலு பேர் பகிர்வார்கள். பிரச்சினை என்னவென்றால், அதே பூவை, அதே விரலால், கூலிக்குக் கட்டிக் கொடுக்கும் வீடுகளும் இதே ஊரில் இருக்கின்றன. முழக் கணக்கில் காசு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் கூட உட்காரும். அந்தப் பிள்ளைக்கும் நுண்தசைத் திறன் பிரமாதமாகத்தான் வளரும். தசையை மட்டும் பார்க்கிற பட்டியலால் இந்த ரெண்டு பிள்ளைகளையும் பிரித்துப் பார்க்க முடியாது. ‘வீட்டு வேலையில் ஈடுபடுத்துங்கள், திறன் வளரும்’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குள்ள விமர்சனம் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் ஒரு நாளைக்கு மூணு மணி நேரமாகக் குறைந்தது. மிச்ச நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்றார்கள். கையால் கற்பது நல்லது என்ற வாதம் அதிலும் இருந்தது. ஆனால் வீட்டுத் தொழில் என்பது இங்கே சாதித் தொழில். ‘குலக்கல்வி’ என்று பேர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அதற்கு முன்பே, 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் நடு மையம். அந்த வழியில் வந்தவர்கள் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும். 1947-ல் இங்கே சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். ஆதாரக் கல்வியில் எனக்குப் பிடித்தது நிறைய. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டணும் என்று காந்தி எதிர்பார்த்தார், அது எனக்கு உறுத்துகிறது. விற்றே ஆகணும் என்றால் பிள்ளையின் கைக்கு ஒரு கணக்கு வந்துவிடும். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறது.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? நான் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை பாதியில் எழுந்து போகலாமா? போனால் அந்த வீட்டில் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, அம்மா மிச்சத்தைக் கட்டிக்கொள்வாள் என்றால் அது கற்றல். அன்றைய கூலி குறையும் என்றால் அதற்கு நுண்தசை என்று பேர் வைக்கக் கூடாது. மாண்டிசோரி வகுப்பில் வேலையைத் தேர்ந்தெடுப்பதும் நிறுத்துவதும் பிள்ளைதான். பட்டியல் போடுகிறவர்கள் மறக்காமல் விட்டுவிடுவது அந்தப் பாதியைத்தான்.

தங்கை வீட்டில் என் சிரிப்பு நின்றதும் இதனால்தான். பையன் பலகையோடு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், ஒன்பது வயசு அக்கா அடுப்படி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் பெட்டி வாங்கவில்லை, பட்டியலும் வாசிக்கவில்லை. “ரொம்பப் பொறுப்பான பொண்ணு” என்றார் அவள் பாட்டி. வீட்டுப்பாடம் பையிலேயே இருந்தது. அவனுக்குத் திறன், அவளுக்குப் பொறுப்பு. எழுந்து போகலாமா என்று அவளைக் கேட்டால் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்ப்பாள்.

தங்கையிடம் சொன்னேன். “ஆமாண்ணே, நானும் அப்படித்தானே வளர்ந்தேன்” என்றாள். அவள் கீரை ஆய்ந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கீரை அவன் வேலை. பாதிக் காம்போடு சட்டிக்குப் போகிறது, பாட்டிக்குக் கோபம். அக்கா அந்தப் பலகையை எடுத்துப் பிளாஸ்டிக் பூட்டை ஊக்கால் நெம்பிக் கழற்றிவிட்டாள். உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம்.