கல்யாணத்தின் பெயரால்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அன்று சம்பள நாள். பனியன் கம்பெனிகளிலிருந்து வருகிற பெண்கள், கையில் தூக்குப் போசியும் தலைமயிரில் பஞ்சுப் பிசிறுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு தாயும் மகளும். தாய்க்குச் செக்கிங்கில் வேலை. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த வாரம்தான் அதே கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்திருந்தாள். ஒன்றரை ஷிப்டு, அதாவது பன்னிரண்டு மணி நேரம், வேலை பார்த்த களைப்பு. தாயின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மார்க் நன்றாகத்தான் வாங்கியிருந்தாளாம்.

“மேலே படிக்க வைக்கவில்லையா அம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பஸ்ஸில் எழுத்தாளர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி, கேட்டிருக்கக் கூடாதவைதான்.

“படிக்க வெக்கலாமுங்கண்ணா. காலேசு முடிச்சுதுன்னா அப்பறம் அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளையில்லீங்க தேடோணும்? அவிய கேக்கறதக் குடுக்க நாங்க எங்கீங்க போறது?” என்றாள் அந்த அம்மாள்.

இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தென்படவில்லை. கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருந்தன. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பெண் கல்வியைப் பற்றிப் பேசுகிற நாம் யாரும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்வதில்லை. பெண் படித்தால் குடும்பம் விளங்கும், நாடு விளங்கும் என்கிறோம். மாப்பிள்ளை விலை ஏறும் என்பதை அந்தத் தாய் அறிவாள். மேடையில் இருப்பவர் அறிந்தும் சொல்லமாட்டார்.

அந்தக் கணக்கை நேரே எதிர்க்காமல், அதற்குள்ளேயே புகுந்து ஒரு காரியத்தைச் சாதித்த மனிதர் ஒருவர் அதே திருப்பூரில் பிறந்தவர். தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். 1903-இல் பிறந்தார், வசதியான குடும்பம், வக்கீலுக்குப் படித்தார், சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறைக்குப் போனார். 1930-இல் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரி. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் நின்றவரும் அவரே. இவையெல்லாம் வாசகர்கள் அறிந்தவை. இப்படிப்பட்டவர்களை இந்தக் காலத்தில் சமூகத் தொழில்முனைவோர் என்கிறார்கள். அந்தப் பெயர் அவருக்கு ருசித்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் பொருத்தமான பெயர்தான். நிலம், கட்டடம், நன்கொடை, ஆள் தேர்வு, சர்க்கார் அனுமதி என்று ஒரு மில் தொடங்குகிறவருக்கு வேண்டிய சாமர்த்தியமெல்லாம் அவரிடம் இருந்தது. லாபம் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

1957-இல் அவர் கோயமுத்தூரில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார். மனையியல் கல்லூரி. அந்தப் பெயரைக் குறித்துத்தான் எனக்கு நீண்ட நாள் வழக்கு.

ஆரம்பத்தில் அந்தப் பெயர் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆண் பிள்ளை சட்டமோ பௌதிகமோ படிப்பான். பெண் பிள்ளை கல்லூரிக்கே போனாலும் அங்கேயும் அடுப்பங்கரைதானா? சமையலுக்குப் பட்டம், தையலுக்குப் பட்டம், குழந்தை வளர்ப்புக்குப் பட்டம்! பாட்டி சும்மா சொல்லிக் கொடுத்ததைச் சம்பளம் கட்டிக் கற்பதற்கு ஒரு கல்லூரி என்று பரிகாசமும் செய்திருக்கிறேன். இந்த வகைக் கல்லூரி நமக்குப் புதியதும் அல்ல. டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இலேயே வந்துவிட்டது. அங்கே போனவர்கள் பெரும்பாலும் பெரிய இடத்துப் பெண்கள் என்பதால் நம் பரிகாசம் அங்கே இன்னும் எளிதாகப் பலித்தது.

பிறகு ஒரு நாள் பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்தேன். ரசாயனம் இருந்தது. உடலியல் இருந்தது. கிருமிகளைப் பற்றிய பாடம் இருந்தது. சோற்றில் எவ்வளவு மாவுச்சத்து, கீரையில் எவ்வளவு இரும்பு என்று சோதனைச் சாலையில் அளந்து பார்க்கச் சொன்னது. அந்தக் கல்லூரியின் முதல்வராகவும் பின்னாளில் துணைவேந்தராகவும் இருந்த ராஜம்மாள் தேவதாஸ், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று வந்தவர். ஏழைக் குழந்தையின் மதிய உணவில் என்ன இருக்க வேண்டும் என்பது அவருக்கு அடுப்பங்கரைச் சமாசாரம் அல்ல, ஆராய்ச்சி. வாசலில் இருந்த பலகை அப்பாக்கள் படிப்பதற்காக. உள்ளே இருந்த சோதனைக் குழாய் பெண்களுக்காக. ‘மனை’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து எத்தனை கொங்கு நாட்டுத் தகப்பனார்கள் பயம் தெளிந்து பெண்ணை அனுப்பியிருப்பார்கள்! நான் பரிகாசம் செய்த சொல்தான் கதவைத் திறந்திருக்கிறது.

அவருக்கு முன்னால் இந்தக் கதவு வேறு பக்கமாகத் திறந்தது. 1912-இல் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி தம் இல்லத்தைத் தொடங்கியது இளம் விதவைகளுக்காக. அவரும் குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர். மாதவையாவின் முத்துமீனாட்சி, ஒரு பிராமணப் பெண்ணின் சுயசரிதையாக எழுதப்பட்ட நாவல், அவிநாசிலிங்கம் பிறந்த அதே 1903-இல் புத்தகமாக வந்தது. அதிலும் கேள்வி விதவையைப் பற்றியதே. ஆக, அந்தத் தலைமுறையில் கல்யாணம் கைவிட்ட பெண்ணுக்குப் படிப்பு ஒரு மாற்று. அவிநாசிலிங்கத்தின் தலைமுறையில் கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்குப் படிப்பு ஓர் ஆயத்தம். இரண்டிலும் கல்யாணம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முன்னதில் இடிந்த வீடாக, பின்னதில் கட்டப் போகிற வீடாக.

இதை நான் அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. 1957-இல் வேறு எந்தப் பலகையைத் தொங்கவிட்டிருந்தாலும் வகுப்பறை பாதி காலியாகவே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடன் வாங்கிய சொல்லுக்கும் வட்டி உண்டு. அந்தக் கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே பெண்கள் பொறியியலும் படிக்கிறார்கள். பெயரில் மனையியல் அப்படியே இருக்கிறது. பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கல்யாணத்தைக் காட்டித்தான் பெண்ணை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியும் என்பதை இந்த வட்டாரத்தில் கல்விமான்களோடு மில்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். அதை எப்படி விடுவது?

பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக நூல் வேண்டியிருந்தது. நூற்பு மில்களுக்குக் கை வேண்டியிருந்தது. தென் மாவட்டக் கிராமங்களுக்குத் தரகர்கள் போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம். அந்தப் பெயரை வைத்தவருக்கு நம் ஜனங்களின் மனசு தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள், வெளியே போக அனுமதி இல்லாத விடுதி, நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் கைக்கு வராத தொகை என்று பல கொடுமைகளை, நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் எடுத்துச் சொல்லின. அந்தத் தொகை பெரும்பாலும் வரதட்சிணைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மனையியல் கல்லூரியையும் இதையும் ஒரே தராசில் வைக்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். ஒன்று பெண்ணுக்குக் கொடுத்தது. மற்றொன்று பெண்ணிடமிருந்து எடுத்தது. ஆனால் இரண்டு கதவுக்கும் ஒரே சாவி. தகப்பனாரின் கையில் இருக்கிற சாவி.

சர்க்காரும் வெகுநாள் அதே சாவியைத்தான் பயன்படுத்தியது. 1989-இல் தமிழக அரசு கொண்டுவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் தந்தது. பின்னால் பத்தாம் வகுப்பு என்று ஆயிற்று, தொகை உயர்ந்தது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, பட்டம் பெற்றவளுக்கு இரட்டிப்புப் பணம் என்றும் வந்தது. பெண்களைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சில வருஷம் நிறுத்தி வைக்க அது நிச்சயமாக உதவியது. ஆனால் யார் பெயர் பாருங்கள்! ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். நம் ஜாதி, அதாவது நாவலாசிரியை. ‘தாசிகளின் மோசவலை’யை 1936-இல் எழுதியவர். அவர் பெயரில் தாலித் தங்கம்.

2022-இல் சர்க்கார் அந்தத் திட்டத்தை மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடிகிறவரை மாதம் ஆயிரம் ரூபாய். பணம் அவளுடைய பாங்கிக் கணக்கிலேயே விழும். புதுமைப்பெண் என்று பெயர். ஆயிரம் ரூபாய் திருப்பூரில் பெரிய பணம் அல்ல. கைமடிக்கும் பெண் சில நாளில் சம்பாதித்துவிடுவாள். அப்படியிருந்தும் இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். இதில் ஒரு பெண் படிப்பதற்கான பணம் அவள் படிக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக வருகிறது. கல்யாணம் அந்த விண்ணப்பத்தில் இல்லை. திட்டம் நிறைந்ததா குறைந்ததா என்று பத்திரிகைகள் விவாதித்தன. விண்ணப்பத் தாளில் ஒரு சொல் காணாமற் போனதைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம்.

மில்லுக்குள்ளேயே படிப்பைக் கொண்டுபோனவர்களும் உண்டு. கே. பி. ஆர். மில்லின் கே. பி. ராமசாமி, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்டு முடிந்தபின் பள்ளியிறுதியும் பட்டமும் படிக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படிப் படித்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு நின்றுவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்கிற பெண்ணின் முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை. முதலாளியைப் பாராட்டவும் நான் தயங்கவில்லை. ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. கூலி கொடுக்கிற கையே படிப்பையும் கொடுக்கும்போது, படிப்பு அவளுக்கு உரிமையாக வருகிறதா, நல்ல மனிதர் ஒருவரின் நல்ல குணமாக வருகிறதா? குணம் அடுத்த முதலாளிக்கு இல்லாமற் போகலாம். இதை நான் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. நம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக் கேட்கிறேன்.

கடைசியாக நம் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் படித்த கதைகளில் கல்லூரிப் பெண் வருகிறாள், காதலிப்பதற்கு. மில் பெண் வருகிறாள், ஏமாறுவதற்கு. இரண்டு பேருடைய கதையும் தாலியில் முடிகிறது, அல்லது தாலி இல்லாமல் முடிகிறது. ரசாயனப் பாடம் ஒருத்திக்குப் பிடித்திருந்தது என்று ஒரு வரி எழுத நமக்குத் தோன்றுவதில்லை. நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். இத்தனைக்கும் இந்த மண்ணின் நாவல் வேறு மாதிரி தொடங்கியது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் கீரனூர்க்காரரான ஆர். ஷண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய நாகம்மாள், கல்யாணத்தின் பெயரால் எதையும் கேட்டவள் அல்ல. விதவை, கேட்டது நிலத்தில் தன் பங்கு. ‘என் பங்கு’ என்றே கேட்டாள். அந்தக் குரலுக்குப் பள்ளிக்கூடச் சீருடை போட்டுப் பார்க்க நமக்கு ஏன் இத்தனை வருஷமாகத் துணிவு வரவில்லை?

திருமுருகன்பூண்டியில் பஸ் நின்றபோது அந்தத் தாய் மகளை எழுப்பினாள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சைப் பாதி கேட்டிருப்பாள் போலிருக்கிறது, என்னைப் பார்த்து, “காலேசுல சேர இன்னும் அப்ளிகேசன் குடுக்கறாங்களாண்ணா?” என்றாள். தேதி எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் நேரம் இல்லை. தாய் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாள். பெண் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.