கலங்கரை விளக்கமும் கர்னலின் குறிப்பும்

‘விளக்கப்படாத ஒளிகள்’ – இது ஒரு கவிதைத் தொகுப்பின் தலைப்பல்ல. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உட்பிரிட்ஜ், பென்ட்வாட்டர்ஸ் என்ற இரட்டை விமானத் தளங்களில் துணைத் தளபதியாக இருந்த அமெரிக்க லெஃப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட், 13 ஜனவரி 1981 அன்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பின் தலைப்பு. 1980 டிசம்பர் கடைசியில் தளத்தை ஒட்டிய ரெண்டில்ஷாம் காட்டில் அவருடைய ஆட்கள் முக்கோண வடிவில், உலோகம் போல மின்னிய ஒன்றைப் பார்த்தார்களாம். மறுநாள் தரையில் ஏழு அங்குல விட்டத்தில் மூன்று பள்ளங்கள். இன்னொரு இரவு கர்னலே போய்ப் பார்க்கிறார்: மரங்களுக்கிடையே சிவப்பு ஒளி, வானத்தில் நட்சத்திரம் போல மூன்று பொருள்கள்.

1983இல் இக்குறிப்பு வெளியே வந்து ஒரு லண்டன் ஞாயிறு பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பிடித்தது. ‘ராணுவ அதிகாரியே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?’ என்பதுதான் அன்றிலிருந்து நம்புகிறவர்களின் வாதம். இந்த ‘யே’ என்ற ஏகாரத்தைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன். ஆடு மேய்ப்பவன் பார்த்தால் பிரமை. சீருடை பார்த்தால் சாட்சியம். பார்வைக்கு மதிப்பைத் தருவது கண் அல்ல, தோளில் இருக்கும் பட்டை.

அந்தப் பட்டைக்குள்ளும் படிநிலை உண்டு. முதல் இரவு, 26ஆம் தேதி அதிகாலை, காட்டுக்குள் போனவர்கள் மூன்று பேர். அவர்கள் தனித்தனியாக எழுதிய வாக்குமூலங்கள் பின்னாளில் வெளிவந்தன. கீழ்நிலை வீரர்கள் இருவரும், சுற்றிவரும் ஒரு வெளிச்சத்தைத் துரத்திப்போய், கடைசியில் அது கலங்கரை விளக்கம் என்று தெரிந்துகொண்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மேல்நிலையில் இருந்த சார்ஜென்ட்தான் ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து இயந்திரம் போன்ற ஒன்றைப் பார்த்ததாக எழுதினார். வருடங்கள் போகப்போக அதைத் தொட்டதாகவும் சொன்னார். கர்னலின் குறிப்பில் கலங்கரை விளக்கம் என்ற சொல்லே கிடையாது. தேதிகள்கூட ஒருநாள் தள்ளிப்போயிருக்கின்றன. கீழே இருப்பவனின் குரல் மேலே போகும் வழியில் எங்கே கழன்று விழுகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது அரிது.

இங்கே நம் விமர்சன மொழிக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லாமே பிரதி, எல்லாமே கதையாடல் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கணக்கில், நம்புகிறவரின் கதையும் மறுக்கிறவரின் கதையும் சமமான இரண்டு கதையாடல்கள். முடிவு சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று கைகழுவிவிடலாம். ஆனால், கர்னல் காட்டுக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோனார். அந்த நாடாவில் வெளிச்சம் தோன்றுவதையும் மறுபடி தோன்றுவதையும் குரல்கள் சொல்கின்றன. அறிவியல் எழுத்தாளர் இயான் ரிட்பாத் அந்த இடைவெளியை அளந்தார்: ஐந்து விநாடி. சுமார் எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருந்த ஆர்ஃபோர்ட்னெஸ் கலங்கரை விளக்கம் மின்னியதும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை. கலங்கரை விளக்கத்தைத் தான் தனியே, வேறு திசையில் பார்த்ததாக ஹால்ட் பின்னாளில் மறுத்தார். சரி, மறுக்கட்டும். அந்த ஐந்து விநாடி எந்தக் கதையாடலுக்கும் கட்டுப்படுவதில்லை. பிரதியை வாசிப்பது என்பது இந்த இடத்தில் முட்டிக்கொள்ளவும் தயாராக இருப்பதுதான்.

அப்படியானால் விஷயம் முடிந்துவிட்டதா? இல்லை. ‘அது வெறும் விளக்கு’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ரொலான் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலில் பறக்கும் தட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் சோவியத்திலிருந்து வருவதாக எண்ணப்பட்ட தட்டு, பிறகு செவ்வாய்க்கு இடம்பெயர்ந்தது. கிழக்கு மேற்கு இரண்டுக்கும் மேலே ஒரு நீதிபதி தேவைப்பட்டார் என்பது அவர் வாசிப்பு. ரெண்டில்ஷாமும் பனிப்போரின் காடுதான். அந்தத் தளத்தில் அணு ஆயுதம் இருந்ததா என்று கேட்டால், உண்டென்றும் சொல்ல மாட்டோம், இல்லையென்றும் சொல்ல மாட்டோம் என்பதே அரசாங்கத்தின் நிலையான பதில். பறக்கும் தட்டு சஃபோக்கில் இறங்கியதாகப் பத்திரிகை அலறியது 1983 அக்டோபரில். அடுத்த மாதமே, பெண்கள் 1981லிருந்து முகாமிட்டுப் போராடிக்கொண்டிருந்த கிரீன்ஹாம் காமன் தளத்துக்குள் அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகள் வந்து இறங்கின. வானத்திலிருந்து இறங்கியது எது என்று கேட்ட கண்கள், வேலிக்குள் இறங்கியது எது என்று கேட்கவில்லை. யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சதி தேவையில்லை, கேட்கக்கூடிய கேள்வி எது, கேட்கக்கூடாதது எது என்ற பங்கீடு போதும். விளக்கப்படாதது மேலே இருந்தது. விளக்க மறுக்கப்பட்டது கீழே இருந்தது.

2020இல் பென்டகன் கடற்படை விமானிகளின் மூன்று காணொளிகளை வெளியிட்டபோதும் அதே ஏகாரம் திரும்பி வந்தது: ‘பென்டகனே ஒத்துக்கிட்டாங்க!’ எந்த நிறுவனத்தின் மற்ற எல்லா வார்த்தைகளையும் சந்தேகிக்கிறோமோ, அதன் இந்த ஒரு வார்த்தையை மட்டும் வேதமாக எடுத்துக்கொள்கிறோம். சந்தேகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் பக்தியின் இன்னொரு வேஷம்.

அமெரிக்கப் படை 1993இல் அந்தத் தளங்களைக் காலி செய்தது. ஆர்ஃபோர்ட்னெஸ் விளக்கு 2013இல் அணைக்கப்பட்டது. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் 2020இல் கோபுரத்தையும் இடித்துவிட்டார்கள். காட்டில் இன்று பறக்கும் தட்டைத் தேடி நடப்பதற்கென்றே ஒரு பாதை, அதில் தட்டின் சிற்பம் ஒன்று. சுற்றி வந்த வெளிச்சம் கலங்கரை விளக்கம்தான் என்று எழுதிக்கொடுத்த அந்த இரண்டு வீரர்களின் வரிகள் மட்டும் யாரும் அதிகம் படிக்காத தாள்களில் கிடக்கின்றன. படிக்க வேண்டிய பிரதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.