1/25: பொம்மைக் கார்களும் சில அரசியல் குறிப்புகளும்

"தோழர், நீங்க இன்னுமா பொம்மை வச்சு விளையாடுறீங்க?" என்று அவர் கேட்டபோது என் மேசையில் 1964ஆம் வருட ஷெவர்லே இம்பாலா ஒன்றின் உடற்கூடு, சக்கரங்கள் இல்லாமல், ஒரு தீப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் திருத்த வேண்டிய மெய்ப்புகள். வழக்கமாகத் தோழர்கள் வருவதாக இருந்தால் காரை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன். அன்று அவர் சொல்லாமல் வந்துவிட்டார். "அக்கா பையன் சான் ஹோசேலேர்ந்து கொண்டு வந்தான், சும்மா..." என்று ஏதோ மழுப்பினேன். அவர் விடவில்லை. "அமெரிக்காக்காரன் காரு. காசு குடுத்து வாங்கி, கூலியில்லாம நீங்களே மாட்டியும் குடுக்குறீங்க. நல்ல யாவாரம்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் கேட்டவற்றில் கூர்மையான விமர்சனம் அதுதான். இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில். முழு மறுப்பு என்று சொல்லமாட்டேன்.

தெரியாதவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1/25 அளவு என்றால் நிஜக் காரின் ஒரு மீட்டர் இங்கே நாலு சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த கொடிகள் இருக்கும். எஞ்சின், இருக்கை, அச்சு, ஸ்டியரிங் எல்லாம் அவற்றில் காய்த்துத் தொங்கும். நறுக்கி, பிசிறு சீவி, பெயிண்ட் அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டுவது என்ற சொல்கூட அவ்வளவு பொருத்தமில்லை. அந்தப் பசை இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அப்புறம் பிரிக்க நினைத்தால் உடையும். எது எங்கே, எதற்கடுத்து எது என்று எண் போட்டு ஒரு செய்முறைத் தாள் கூடவே வரும்.

ரோலன் பார்த் 1957இல் வெளிவந்த தன் 'மித்தாலஜிஸ்' நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார். நம் சிறுபத்திரிகை வட்டத்தில் பார்த் என்றால் 'ஆசிரியனின் மரணம்'தான். இதை யாரும் அதிகம் பொருட்படுத்தியதில்லை. பெரியவர்களின் உலகம் அப்படியே சுருக்கிக் குழந்தை கையில் தரப்படுகிறது. ராணுவம், தபால் நிலையம், மருத்துவம் எல்லாம் இயற்கையானவைபோல அதற்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன. இந்தப் பொருள்களின் முன்னால் குழந்தை உடைமையாளனாக, பயன்படுத்துபவனாக ஆகலாமே தவிரப் படைப்பவனாக ஆகமுடியாது என்பது அவர் வாதம். கட்டி அடுக்கும் கட்டைகளுக்கு மட்டும் விலக்குத் தருகிறார். மரம் என்றால் அவருக்குப் பிரியம், பிளாஸ்டிக் என்றால் முகச்சுளிப்பு. (நம்மூர் நுங்கு வண்டியை யாராவது அவருக்குக் காட்டியிருக்கலாம்.)

இந்த வாசிப்பின்படி நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். என் பெட்டியில் இருப்பது கார் இல்லையே, நான் செய்தால்தானே அது கார்? ஆனால் பார்த்தின் எதிர்வு, அதாவது உடைமையாளன் × படைப்பவன் என்ற எதிர்வு, இங்கேதான் சறுக்குகிறது. செய்வதே விடுதலை என்று அவர் நம்பிவிடுகிறார். செய்கிற கையையும் ஒருவர் பழக்கி எடுக்கமுடியும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

அது ஏற்கெனவே நடந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கார் உடற்கூடு செய்துகொடுத்த பிரிவின் பெயர் ஃபிஷர் பாடி. அந்தப் பிரிவு 1930இல் பையன்களுக்காக ஒரு கைவினைச் சங்கத்தைத் தொடங்கி 1968 வரை நடத்தியது. பையன்களுக்கு மட்டும், பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆரம்பத்தில் செய்யவேண்டியது நெப்போலியன் காலத்து அரச ரதம் ஒன்றின் சிறு மாதிரி. அந்த ரதம்தான் ஃபிஷர் பாடியின் வணிக முத்திரை. மரவேலை, உலோகவேலை, மெத்தைத் தையல், வண்ணம் பூசுதல் எல்லாம் தெரிந்தால்தான் அதை முடிக்கமுடியும். உடற்கூட்டுப் பட்டறைக்கு வேண்டிய அத்தனை திறமைகளும் ஒரே பொம்மைக்குள். முதல் வருடப் பரிசு நான்கு கல்லூரி உதவித்தொகைகள், ஒவ்வொன்றும் 5,000 டாலர். மந்தம் அமெரிக்காவை விழுங்கிக்கொண்டிருந்த வருடம் அது என்பதை நினைவில் வைத்தால் அந்தத் தொகையின் கனம் புரியும். 1930களின் பிற்பகுதியில் ரதத்தோடு, பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரின் மாதிரியையும் செய்து அனுப்பலாம் என்றானது. 1947 போட்டியில் வென்ற சக் ஜோர்டன் பிறகு அதே கம்பெனியில் சேர்ந்து, 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புத் துறைக்கே தலைவராக இருந்தார்.

மிஷெல் த செர்த்தோ அன்றாட வாழ்வைப் பற்றி 1980இல் எழுதிய நூலில் தொழிலாளர்களின் ஒரு தந்திரத்தைச் சொல்கிறார். முதலாளியின் நேரத்தில், முதலாளியின் கழிவுத் துண்டுகளை வைத்து, தனக்கென ஒன்றைச் செய்துகொள்வது. திருட்டு என்று சொல்லமுடியாது, வேலை என்றும் சொல்லமுடியாது. ஃபிஷர் சங்கம் இதைத் தலைகீழாக்கியது: தன் நேரத்தில், தன் வீட்டுக் கொல்லையில், முதலாளிக்கான வேலையைப் பையன் செய்துபார்க்கிறான். தோழர் சொன்ன யாவாரம் இதுதான்.

ஆனால் இதே பெயருக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரத்தில் 1936 டிசம்பர் 30 அன்று தொடங்கிய உள்ளிருப்பு வேலைநிறுத்தம் நடந்தது ஃபிஷர் பாடியின் ஆலைகளில்தான். தொழிலாளர்கள் முடிக்கப்படாத கார்களின் மெத்தைகளில் படுத்துத் தூங்கினார்கள். 1937 ஜனவரி 11 அன்று இரண்டாம் எண் ஆலையில் வெப்பமூட்டல் நிறுத்தப்பட்டது, சாப்பாடு உள்ளே போகாமல் தடுக்கப்பட்டது, கண்ணீர்ப்புகையோடு போலீஸ் வந்தது. உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயைத் திருப்பி விட்டார்கள். கையில் கிடைத்ததை எறிந்தார்கள். கிடைத்தது கார் கதவின் கீல்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அந்த இரவுக்குப் பிறகு ஃபிளிண்டின் பெண்கள் தனிப் படையணியே கட்டினார்கள். 44ஆம் நாள், பிப்ரவரி 11 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சங்கத்தோடு கையெழுத்துப் போட்டது.

அந்த கீலைப் பற்றித்தான் நான் நிறைய யோசிக்கிறேன். கதவைத் தாங்குவதற்கென்று வார்க்கப்பட்ட உறுப்பு. எந்தச் செய்முறைத் தாளிலும் அதற்கு வேறு வேலை எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு ஊரில் பையன்கள் அரசனின் ரதத்துக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்கள் அப்பன்மார் வயதுக்காரர்கள் அதே கம்பெனியின் கீலை எடுத்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது 1958க்கு வருகிறேன். பார்த்தின் நூலுக்கு அடுத்த வருடம். மிச்சிகனின் ஏ.எம்.டி. கம்பெனி அதுவரை கார் விற்பனைக் கடைகளுக்கு விளம்பர மாதிரிகள் செய்துகொடுத்துக்கொண்டிருந்தது. அதே அச்சுகளை வைத்து அந்த வருடம் 'ஒன்றில் மூன்று' என்று பெட்டிகளை இறக்கியது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் காரைக் கட்டலாம்: கடையில் விற்கிறபடி, அலங்கார மாற்றங்களோடு, பந்தயத்துக்கு ஏற்றபடி. மாற்றங்களுக்கான உறுப்புகளும் உள்ளேயே இருக்கும். பின்னாளில் ஜார்ஜ் பாரிஸ் போன்ற பட்டறைக்காரர்களையே கம்பெனிகள் ஆலோசகர்களாக அமர்த்திக்கொண்டன. 1966 தொலைக்காட்சி பேட்மேனுக்குக் கார் செய்துகொடுத்தவர் அவர். நிஜக் கார் வருடாவருடம் முகம் மாறியதுபோல இந்த மாதிரியும் மாறியது. போன வருட எஃகு அச்சையே வெட்டித் திருத்திப் புது வருடக் காருக்கு ஆக்கிவிடுவார்கள். அதனால் பல பழைய மாதிரிகளை அதே வடிவில் மறுபடி வார்க்கவே முடியாமல் போயிற்று. பழசை வெறுக்கவைக்கிற அந்தப் பொருளாதாரம் பையனின் அலமாரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

'உன் இஷ்டப்படி மாற்றிக்கொள்' என்பதும் இங்கே ஒரு கட்டளையாகத்தான் வருகிறது. மூன்று இஷ்டங்கள், மூன்றும் அச்சில் வார்த்தவை. 'தனித்தன்மை' பற்றி இத்தனை பேசுகிற இந்தப் பொழுதுபோக்கின் மீது எனக்குள்ள பெரிய புகார் இது.

அதே 1958இல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு. காரின் எந்தப் பகுதியும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. காரைத் தாழ இறக்கி மெதுவாக ஓட்டுவது யார்? கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவழிப் பிள்ளைகள், சிக்கானோக்கள். மற்றவர்களும் இறக்கினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சட்டத்தில் இனம் எழுதியிருக்கவில்லை; ஆனால் சாலையோரம் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காரை மாற்றியமைப்பது பெட்டிக்குள் ஒரு பண்டமாகவும் சாலையில் ஒரு குற்றமாகவும் ஒரே வருடத்தில் ஆக்கப்பட்டது.

அடுத்த வருடம், 1959இல், ரான் அகிர்ரே என்ற இளைஞர் விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் எழும்பும், தட்டினால் இறங்கும். போலீஸைப் பார்த்தால் சட்ட உயரம், போனபின் தன் உயரம். இதை நான் நல்ல விமர்சனப் பிரதியாகவே வாசிக்கிறேன். ஏ.எம்.டி.யின் மூன்றில் இது எதிலும் இல்லை. 1970களின் இறுதியில் விட்டியர் சாலையையே வார இறுதிகளில் அடைத்தார்கள். அதற்குள், 1977இல், சான் ஹோசே மாணவர்கள் 'லோரைடர்' என்று சொந்த இதழே தொடங்கிவிட்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்தது நமக்குப் பழகிய கதைதான். லோரைடர் இதழின் பெயரைப் பெட்டியில் அச்சடித்து ரெவெல் கம்பெனி இம்பாலா மாதிரிகளை விற்றது. 2017இல் 'ஜிப்சி ரோஸ்' என்ற புகழ்பெற்ற 1964 இம்பாலாவை, ரோஜாப்பூக்கள் வரைந்த அந்தக் காரை, வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தித் தேசியச் சொத்து என்றார்கள். 24008இன் தடை நீங்கியது 2024 ஜனவரி 1 முதல்தான். விளிம்பை விழுங்கி மையம் கொழுத்தது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். 90களில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இப்போது தயக்கமாக இருக்கிறது. காரணம் என் மேசையிலேயே இருக்கிறது. அந்தச் சமூகத்தில் இன்றும் சிறு லோரைடர் மாதிரிகள் செய்கிறார்கள். மிகச் சிறிய மோட்டாரும் நைலான் நூலும் வைத்து, உள்ளங்கை அளவு இம்பாலாவைத் துள்ளவைக்கிறார்கள். நிஜ இம்பாலா வாங்க ஆயுள் முழுக்கச் சேர்க்கவேண்டும். இதற்குப் பெட்டியும் பொறுமையும் போதும். வண்ணமும் அதே முறைதான். முதலில் வெள்ளி, அதன்மேல் கண்ணாடிபோன்ற நிறத்தை மெல்லிய படலங்களாகப் பலமுறை, கடைசியில் பளபளப்பு. (சென்னையில் ஐப்பசி மழையில் இதைச் செய்யக்கூடாது. காற்றின் ஈரம் ஏறி நிறம் வெளுத்துவிடும். ஒரு முழு உடற்கூட்டை அப்படி நாசமாக்கியிருக்கிறேன்.) நிஜக் காருக்கான ஜிகினாப் பொடியை இதற்குப் பூசினால் ஒவ்வொரு துகளும் முட்டைத்தட்டு அளவுக்குத் தெரியும். உலோகத்தையும் தூரத்தையும் சுருக்கலாம். வெளிச்சம், தூசி, எடை இவற்றைச் சுருக்கமுடியாது. அவற்றோடு மல்லுக்கட்டுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. அதற்கு எந்தத் தாளும் வழி சொல்வதில்லை. அங்கே நான் உடைமையாளனா படைப்பவனா என்ற பார்த்தின் கேள்வி எனக்கு மறந்துபோகிறது.

பசையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 1960களில் பையன்கள் அதை முகர்ந்து போதையேற்றிக்கொண்டார்கள். 1969இல் டெஸ்டர்ஸ் கம்பெனி அதில் கடுகெண்ணெயின் காரத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கு எரியும். தடைசெய்யச் சட்டம் போதாதபோது பண்டமே போலீஸ்காரனாகிறது. ஃபூக்கோவைப் படிக்காமலே செய்துவிட்டார்கள்.

தோழர் போன மாதம் மறுபடி வந்தார். இந்தமுறை நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் மிச்ச உறுப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்; ஒரு விதமாகக் கட்டினால் மற்ற விதங்களுக்கானவை எல்லாம் மிஞ்சும், வருடக்கணக்கில் சேர்ந்துவிட்டன. அதைக் கிளறிக்கொண்டே ஃபிளிண்ட் கதையைக் கேட்டார். "கீல் இருக்கா இதுல?" என்றார். இல்லை, இந்த மாதிரியில் கதவு திறக்காது, உடலோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள் என்றேன். "அதானே பார்த்தேன்," என்றார்.

அன்று இரவு பின்பக்கத்தை எவ்வளவு இறக்குவது என்று அளந்தேன். சின்னச் சக்கரம் போட்டிருக்கிறேன். அதன் உலோக விளிம்பின் அடி மேசையிலிருந்து நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1964இல் கலிஃபோர்னியாவின் சட்டம் என் மேசையில் அந்த நாலு மில்லிமீட்டர்தான். அட்டைத் துண்டுகளை அடியில் கொடுத்து மூன்றில் நிறுத்தி, பசையைத் தொட்டு வைத்தேன்.