திருடிப் படித்தவர்களும் தைத்துக் கொடுப்பவர்களும்

ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையில்தான் முதலில் அச்சேறியது. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' அதை வெளியிட்டது. வங்காளத்து முஸ்லிம் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கதைக்குச் சென்னையில் ஒரு பெண் நடத்திய இதழ் இடம் கொடுத்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. அந்தக் கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்கள் அறிவியல் படித்து மேகத்திலிருந்து நீரை எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், நாட்டையும் ஆள்கிறார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2017இல், அஃப்ரா ஷஃபீக் என்ற கலைஞர் அந்தத் தலைப்பைத் திருப்பிப் போட்டு 'சுல்தானாஸ் ரியாலிட்டி', அதாவது 'சுல்தானாவின் நிஜம்' என்ற படைப்பை உருவாக்கினார். இது புத்தகமும் இல்லை, சினிமாவும் இல்லை. கணினித் திரையில் நம் கை பட்டு நகரும் ஐந்து அத்தியாயக் கதை. கொல்கத்தா சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கும் பழைய படங்களை எடுத்து, வெட்டி, ஒட்டி, அசைத்து, காலனிய காலத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பெண்களின் மனத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்கிறார். சோவியத் சிறுவர் நூல்களை வைத்தும் எறும்புப் புற்றை வைத்தும் அவர் பிறகு செய்த ஊடாடும் படைப்புகள் உண்டு. பெண்ணியவாதிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

காரணம், இதன் வடிவம். ரஸ்சுந்தரி தேவியின் வரலாறு நமக்குத் தெரியும். வங்காளத்தில் ஒரு பெரிய வீட்டின் மருமகள். படிக்கும் பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம். புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு ஏட்டைச் சமையலறையில் ஒளித்து வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். 1876இல் வெளியான அவருடைய தன்வரலாறு, வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்ட ஒருத்தியின் படிப்பை நேர்க்கோட்டில் சொன்னால், 'இருளிலிருந்து ஒளிக்கு' என்ற பாடநூல் கதையாகிவிடும். அஃப்ரா அப்படிச் சொல்லவில்லை. திரையில் ஒரு படம் சும்மா இருக்கும். அதன்மேல் கையைக் கொண்டுபோனால்தான் அசையும், மறைந்திருப்பது வெளிவரும். தொடாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒளித்ததைத் தேடி எடுக்கும் அந்தப் பதற்றத்தில் கொஞ்சம் நம் விரலுக்கும் வருகிறது.

இன்னொரு பலமும் உண்டு. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஆண்கள் வரைந்தவை, ஆண்கள் அச்சிட்டவை. காளிகாட் ஓவியங்களில் புருஷனை அடிக்கும் மனைவி, படித்த பெண்களைக் கேலி செய்ய வரைந்தவள். அத்தகைய கேலிப் படங்களைக் கையில் எடுத்து, கேலியின் முனையை வரைந்தவர் பக்கமே திருப்புகிறார் அஃப்ரா. அவருடைய பெண்கள் உபதேசம் செய்யவில்லை. சலித்துக்கொள்கிறார்கள், குறும்பு செய்கிறார்கள், படிக்கவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். கல்வி என்பது சீர்திருத்தவாதி ஆண்கள் கொடுத்த வரம் என்ற கதையை இந்தச் சிரிப்பு உடைக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும் எனக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்றால் தோல். டேனரியில் பதமான தோல் ஷூ கம்பெனிக்குப் போகிறது. ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் வேலை பெண்களின் வீடுகளுக்கு வருகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு, வீட்டில் அப்பர் தைக்கும் என் அக்காவோடு உட்கார்ந்து இந்தப் படைப்பைப் பார்த்தேன். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள், இரண்டு மூன்று இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இவங்க படிச்சினு இருக்கறப்ப இவங்க வூட்டு பாத்திரத்த யாரு தேச்சது?"

இந்தக் கேள்விக்குப் படைப்பில் பதில் இல்லை. காப்பகத்திலேயே இல்லை என்பதுதான் விஷயம். படம் வரையப்பட்டவளும், புத்தகம் அச்சிடப்பட்டவளும் பெரும்பாலும் வசதியான, மேல்சாதி வீட்டுப் பெண்கள். அவள் ஏட்டை ஒளித்துப் படித்த நேரத்தில் பாத்திரம் தேய்த்தவளை, கழிவு அள்ளியவளை யாரும் சேமிக்கவில்லை. ரொக்கையாவின் கனவு நாட்டிலும் தோல் பதனிடுவது யார் என்று கதை சொல்வதில்லை. மேகத்தை இறக்கும் அறிவியல் இருக்கிறது, செத்த மாட்டின் தோலை உரிக்கும் சாதி எங்கே போனது என்பது இல்லை. காப்பகத்தைக் கிண்டல் செய்வதோடு நின்றால், காப்பகம் விட்ட இடைவெளியும் நம்மோடு சேர்ந்தே வரும்.

மொழியும் ஒரு கதவு. திருட்டுத்தனமாகப் படித்த பெண்களைப் பற்றிய படைப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அருகில் யாராவது மொழிபெயர்த்தால் ஒழிய என் அக்காவால் உள்ளே வர முடியாது. 2023இல் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை இங்கே நினைக்கலாம். டொரொன்டோவில் குடியேறிய தமிழ்ப் பெண் ஒருத்தி, அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். விடுபட்டதை விளையாடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லியும் புட்டும் வைக்கும் முறை தெரிந்த கைக்கு அங்கே ஓர் அதிகாரம் கிடைக்கிறது. கைக்குத் தெரிந்தது அறிவாகக் கணக்கில் வருகிறது.

அஃப்ராவின் முறையை நான் கொண்டாடுவது இதனால்தான்: அது எடுத்துப் பயன்படுத்தத் தக்கது. கம்பெனி அடையாள அட்டை, கூலிக் கணக்கு எழுதிய நோட்டு, அப்பர் தைக்கும் மாதிரித் துண்டு, கைபேசியில் எடுத்த படங்கள், உருதுவிலும் தமிழிலும் பேசிப் பதிந்த குரல்கள். இவை எந்த ஆய்வு மையத்தின் அலமாரியிலும் காத்திருக்கவில்லை, வீடு மாறும்போது குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தொட்டால் பேசும் ஒரு திரையை இவற்றை வைத்துக் கட்டலாம். முதலில் யாரிடம் காட்டுவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. தைத்துக் கொடுத்த பெண்களிடம், அவர்கள் பேசும் மொழியில், அவர்கள் கையிலிருக்கும் சின்ன கைபேசியில் ஓடும் வடிவத்தில்.