சாண் அளவும் இல்லாத தாய்ப்பலகை: ஒரு மதிப்பீடு

கணிப்பொறிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அகன்று கிடக்கும் மின்சுற்றுப் பலகைக்குத் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, என்று பெயர். செயலி, நினைவகம், கிராபிக்ஸ் அட்டை ஆகிய யாவும் இதன்மீதே பொருந்துகின்றன. இண்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி இதன் நீளம் 305 மி.மீ., அகலம் 244 மி.மீ. இன்றோ 170 மி.மீ. சதுரமான மினி-ஐ.டி.எக்ஸ். பலகைகளும் பெரியவற்றுக்கு நிகரானவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது 744 ச.செ.மீ.; பின்னது 289 ச.செ.மீ. அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. வேகமான கணிப்பொறி ஒன்றைத் தானே அமைக்க விரும்பும் மாணவர் இதனை நம்பி வாங்கலாமா? பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில் இதன் பிறப்பைக் கவனிக்க வேண்டும். 2001-இல் தைவான் நாட்டு வியா நிறுவனம் இந்த அளவை வகுத்தபோது, அதில் வைக்கக் கருதியவை குறைந்த மின்சாரத்தில் இயங்கும் செயலிகளே. அவற்றுள் சிலவற்றிற்கு விசிறிகூடத் தேவைப்படவில்லை. 2022-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 9 7950எக்ஸ் செயலியோ 230 வாட் வரை மின்திறனை இழுக்கக்கூடியது. பலகையின் அளவு மாறவில்லை. சுமை மட்டும் பன்மடங்காகிவிட்டது.

இச்சுமையின் பொருள் என்ன? செயலிக்குத் தரப்படும் மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்று கொள்வோம். 230-ஐ 1.2-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 190 ஆம்பியருக்கு மேல் வருகிறது. வீட்டில் வெந்நீர்க் கருவிக்கு வைக்கும் பெரிய பிளக்கே 16 ஆம்பியருக்கு உரியதுதான்! மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைக் குறைத்து, இவ்வளவு மின்னோட்டத்தையும் அளிப்பது தாய்ப்பலகையின் வேலை. 'பேஸ்' எனப்படும் பல கிளைகள் இதனைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை அறிவோம். 200 ஆம்பியரை 8 கிளைகள் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 25 ஆம்பியர். கிளையின் மின்தடை 1 மில்லி ஓம் எனக் கொண்டால், மொத்த இழப்பு 5 வாட். 16 கிளைகள் ஆனாலோ 2.5 வாட்தான். சிறிய பலகையில் அதிகக் கிளைகளுக்கு இடமில்லை. ஆகவே தரம் உயர்ந்த, விலையும் உயர்ந்த உறுப்புகளைப் பயன்படுத்தித்தான் ஈடுகட்ட முடியும். பெட்டியின்மேல் '10+2+1' என்று அச்சிட்டிருந்தால் 13 கிளைகளும் செயலியின் முதன்மைப் பகுதிக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவாக முதல் எண்ணே அதற்குரியது.

இனி, இதன் நிறையையும் சொல்வதே நியாயம். டி.டி.ஆர்.5-6000 நினைவகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் காலம் ஒரு நானோ வினாடியில் ஆறில் ஒரு பங்கு. பலகையில் மின்குறிப்பு நானோ வினாடிக்குச் சுமார் 15 செ.மீ. செல்லும். எனவே ஒரு பிட் காலத்தில் அது கடப்பது வெறும் 2.5 செ.மீ. இந்நிலையில் பாதை குறுகியதாகவும் கிளையற்றதாகவும் இருப்பது நல்லது. கயிற்றில் ஓடும் அலை முடிச்சில் மோதித் திரும்புவதுபோல, கிளை பிரியும் இடத்தில் குறிப்பும் எதிரொலிக்கும். மினி-ஐ.டி.எக்ஸ். பலகையில் இரண்டே நினைவக ஸ்லாட்டுகள் இருப்பதால் இத்தொல்லை குறைவு. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதி கூறும் வேகம், இரண்டு நினைவகத் தட்டுகளுக்கு 5200; நான்கு செருகினால் 3600. ஆனால் பெரிய பலகையிலும் இரண்டு மட்டும் செருகி 5200 பெறலாம் என்பதை மறக்கலாகாது. சிறிய பலகையிலோ, பின்னாளில் நினைவகத்தைக் கூட்ட வேண்டுமானால் பழையவற்றைக் கழற்றிவிட்டே கூட்ட வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றுவது அடுத்த சிக்கல். செயலிக்கு 230 வாட், ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் அட்டைக்கு 450 வாட். ஆக 680 வாட். காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், தன்வெப்பக் கணக்குப்படி வினாடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்று பெட்டியைக் கடந்து செல்ல வேண்டும். 60 லிட்டர் பெட்டியில் இது வினாடிக்கு ஒரு முறை காற்றை மாற்றுவதாகும். 15 லிட்டர் பெட்டியிலோ வினாடிக்கு நான்கு முறை! விசிறியின் இரைச்சலுக்குக் காரணம் இதுவே. கோடையில் அறையே 38 டிகிரி இருந்தால், உள்ளே 48 டிகிரியில்தான் எல்லாம் இயங்கும்.

2007-இல் ஏ.எம்.டி. மினி-டி.டி.எக்ஸ். என்ற அளவை முன்வைத்தது. 203 மி.மீ. நீளம், 170 மி.மீ. அகலம். மின்சுற்றுக்கும் சேமிப்பு அட்டைகளுக்கும் அந்த 33 மி.மீ. பெரிதும் உதவியிருக்கும். 2019-இல் ஆசஸ் நிறுவனம் கிராஸ்ஹேர் 8 இம்பாக்ட் என்னும் பலகையை இவ்வளவில் செய்து காட்டியது. எனினும் இம்முறை பரவவில்லை. ஒரே விரிவாக்க ஸ்லாட் கொண்ட, குறைந்த மின்சாரத்துக்கென வகுத்த பழைய சதுரத்திலேயே எல்லாவற்றையும் திணிப்பதுதான் இத்துறையின் பெரிய குறை.

முடிவாக, பெற்றோரின் சேமிப்பிலிருந்து வாங்கும் மாணவருக்கு இடம் ஒரு தடையில்லை என்றால், 244 மி.மீ. சதுரமான மைக்ரோ-ஏ.டி.எக்ஸ். பலகையே ஏற்றது. விடுதிக்கும் வீட்டிற்கும் தூக்கிச் செல்ல வேண்டியவர் மினி-ஐ.டி.எக்ஸ். வாங்கலாம், ஆனால் அதற்கேற்ற செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைசன் 7 7700 போன்ற, 88 வாட்டுக்கு மேல் இழுக்காத செயலி என்றால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் 73 ஆம்பியராகக் குறையும். பலகையின் கிளைகளில் பிறக்கும் வெப்பம் இருமடி விதிப்படி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடும். வேகமோ அந்த விகிதத்தில் குறைவதில்லை. சிறிய பலகை பயனற்றதன்று. அதன் பரப்புக்குத் தக்க சுமையை ஏற்றுவதே அறிவுடைமை.