நண்பகல் ஜாஸும் நூல்நிலையமும்

அமெரிக்க நகரங்களின் பொது நூல்நிலையங்களில், உணவு வேளையை ஒட்டிய நண்பகல் நேரத்தில், உள்ளூர் ஜாஸ் வித்வான்கள் மூவரோ நால்வரோ கூடி, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கேட்டுச் செல்லும்படி ஒரு மணி நேரம் வாசிக்கும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல கைங்கரியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல கைங்கரியம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அதன் மேன்மை எதில் இருக்கிறது, எந்த இடத்தில் அது தளர்ந்துபோகிறது, இலவசம் என்னும்போது அந்தச் செலவை மெய்யாகத் தாங்குபவர் யார் என்பவற்றை விசாரியாமல் புகழ்வது அந்த வித்வான்களுக்கே நியாயமாகாது.

பகல் வெளிச்சம் ஜாஸுக்கு அந்நியமானதன்று; நியூ ஆர்லியன்ஸ் நகர வீதிகளில் ஊர்வலங்களிலும் சவ ஊர்வலங்களிலும் முழங்கிய பித்தளை வாத்தியக் குழுக்கள் அதன் முன்னோர்களில் அடங்கும். பிழைப்பின் நிர்ப்பந்தம்தான் அதை இரவுக்கும் மது விடுதிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த விடுதிகளின் சரித்திரமோ பெருமைக்கும் அவமானத்திற்கும் ஒருங்கே இடம் தந்த சரித்திரம். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் டியூக் எலிங்டன் தம் குழுவுடன் வாசிக்கத் தொடங்கிய ஹார்லெம் காட்டன் கிளப்பில், மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள், கேட்க அனுமதிக்கப்பட்டவர்கள் வெள்ளையர்கள். 1967 வரையில் நியூயார்க் விடுதிகளில் வாசிப்பதற்குப் போலீஸார் வழங்கும் அனுமதி அட்டை வேண்டியிருந்தது. அதை 1951இல் இழந்த பியானோ வித்வான் தெலோனியஸ் மங்க், அவருடைய மேதைமை முதிர்ந்திருந்த காலத்தில், ஆறாண்டுகள் தம் சொந்த நகரத்து விடுதிகளில் வாசிக்க வழியின்றி இருந்தார். நூல்நிலையங்களும் இதில் மாசற்றவை அல்ல. வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியாவில் 1939ஆம் ஆண்டு நூல்நிலையத்துக்குள் சென்று அமைதியாகப் புத்தகம் வாசித்ததற்காகக் கறுப்பின இளைஞர் ஐவர் கைது செய்யப்பட்டனர். மிஸிஸிப்பியின் ஜாக்ஸன் நகரில் 1961இலும் அதே காரணத்திற்காக ஒன்பது மாணவர்கள் சிறை சென்றார்கள். இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அதே ஜனங்களின் சங்கீதம் அதே விதமான கட்டடத்தில், கதவுகளைத் திறந்துவைத்து, கேட்க வருகிறவரின் நிறத்தையோ பணப்பையையோ பாராமல் ஒலிப்பது எத்தனை பெரிய மாறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விடுதிக்குள் நுழையும் வயதை எட்டாத சிறுவர்களும், இரவில் வெளியே செல்லத் தயங்கும் முதியவர்களும், மதுவின் வாடையை விரும்பாதவர்களும் இங்கே வாத்தியக்காரரின் விரல்களை ஆறடி தூரத்தில் இருந்து பார்க்கிறார்கள். ஜாஸில் இது சாமானிய விஷயமன்று. எழுதி வைத்த மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு மனோதர்மத்தின் வழியே அதை வளர்த்துச் செல்லும் இந்தக் கலையில், சாக்ஸபோன்காரர் சொன்ன ஒரு சொற்றொடரைப் பியானோக்காரர் தலை நிமிர்த்திக் கேட்டு, புன்னகைத்து, வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும் அந்தக் கண நேரச் சம்பாஷணையைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு, இசைத்தட்டு ஒருபோதும் கற்பிக்க முடியாத பாடம் கிடைத்துவிடுகிறது.

இனிச் செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயத்தின் மையமே அதுதான். ரேடியோவும், காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியும் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பைப் பறிப்பதைக் கண்ட அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர், சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் பெட்ரில்லோ, 1942 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து சங்க உறுப்பினர் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கலாகாது என்று தடை விதித்தார். இசைத்தட்டுக் கம்பெனிகளில் டெக்கா மறுவருஷமே இணங்கியது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக இருந்துவிட்டுப் பின்னர் பணிந்தன. விற்கும் தட்டுகளின் வருவாயிலிருந்து ஒரு பங்கு தனி நிதியாகச் சேர வேண்டும், அந்த நிதியைக் கொண்டு பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தி, வாசிப்பவர்களுக்கு உரிய சன்மானம் அளிக்க வேண்டும் என்பதே அந்தப் போராட்டத்தின் பலன். 1947ஆம் ஆண்டு டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்கம் இந்நிதியைத் தானே நிர்வகிப்பதைத் தடுக்கவே, ஏறக்குறைய 1948 முழுவதும் இரண்டாவது தடை நீடித்து, சங்கத்தையோ கம்பெனிகளையோ சாராத தர்மகர்த்தா ஒருவரின் பொறுப்பில் இசை நிகழ்த்து அறக்கட்டளை உருவாயிற்று. பூங்காக்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நூல்நிலையங்களிலும் அமெரிக்கரும் கனடியரும் கேட்ட எண்ணற்ற இலவசக் கச்சேரிகள் இந்தப் பணத்தில் நடந்தவை. நேர்க் கச்சேரியை நசுக்கிய இயந்திரத்திடமே வரி வாங்கி நேர்க் கச்சேரியைக் காப்பாற்றிய இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் நியாயமான ஒன்றைக் கலைகளின் பொருளாதாரத்தில் நான் அறியேன். இதற்குக் கலை கொடுத்த விலையும் சிறிதன்று: சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் பீபாப் என்னும் புதிய பாணியை உருவாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் முதல் தடையில் அகப்பட்டு, பெரும்பாலும் பதிவின்றியே மறைந்தன.

ஆகவே ஒரு நூல்நிலையம் கச்சேரியை இலவசம் என்று அறிவிக்கும்போது, கேட்பவருக்கு இலவசம் என்பது ஒன்று, வாசிப்பவரும் இலவசமாக வாசிக்கிறார் என்பது முற்றிலும் வேறொன்று. இசைத்தட்டு விற்பனை சரிந்த பிற்காலத்தில் அந்நிதி மெலிந்தது. அது மெலிந்த இடத்தில், விளம்பரம் கிடைக்கும், ஊருக்குச் சேவை, புதிய ரசிகர்கள் வருவார்கள் என்ற சமாதானங்களோடு உள்ளூர் வித்வான்களைச் சன்மானமின்றி அழைக்கும் பழக்கம் புகுந்தால், அதை நான் சுரண்டல் என்றே சொல்வேன். நூல்நிலையத்தின் மின்சாரக் கட்டணத்தை எவரும் சேவையாக ஏற்பதில்லை; இருபதாண்டு சாதகம் செய்த டிரம்பெட் வித்வானின் ஒரு மணி நேரத்தை மட்டும் ஏன் அவ்விதம் ஏற்க வேண்டும்?

வாசிப்பிலும் குறைகள் உண்டு. சலவைக்கல் தரையும் உயர்ந்த விதானமும் கொண்ட பழைய மண்டபங்களில் தாளத்தட்டின் நாதம் அடங்காமல் சுழன்று பிற வாத்தியங்களை மூழ்கடிக்கிறது. டிரம்ஸ்காரர் கோலை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து மற்றவர்களும் அடங்கி, பழகிய மெட்டுகளையே மிதமான காலப்பிரமாணத்தில் வாசித்து, முரண்டும் கோபமும் தேடலும் இந்தச் சங்கீதத்தின் உயிர்நிலைகள் என்பதைச் சபையினர் அறியாமலே வீடு திரும்பும்படி செய்துவிடுகிறார்கள். 1965இல் சிகாகோவில் தோன்றிய படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கத்தின் வழிவந்த கடினமான இசையை நூல்நிலைய நண்பகலில் கேட்பது அரிது. ஜாஸுக்குரிய மாதமெனக் கொண்டாடப்படும் ஏப்ரலில் ஒரு கச்சேரி வைத்துவிட்டு, எஞ்சிய பதினொரு மாதங்கள் மௌனமாக இருக்கும் நிலையங்களும் உள்ளன. ஆண்டுக்கொரு முறை வாசிப்பதால் வித்வானும் நிலைகொள்ள முடியாது, செவியும் பழகாது.

நூல்நிலையத்திற்கே உரிய பலம் ஒன்று இருந்தும் அது பெரும்பாலும் வீணாகிறது. 1938ஆம் ஆண்டு வாஷிங்டன் காங்கிரஸ் நூல்நிலையத்தின் கூலிட்ஜ் அரங்கில் ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பியானோவின் முன் அமர்த்தி, அவர் வாசித்தும் பாடியும் பேசியும் சொன்ன ஜாஸின் பிறப்புக் கதையை நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பல மணி நேரம் பதிவு செய்தார். வாசிப்பும் ஆவணமும் ஒன்றாகிய அந்த முன்மாதிரி இருக்க, இன்றைய நிலையங்கள் கச்சேரி முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைத்துவிடுகின்றன. அன்று வாசித்த மெட்டுகளின் பழைய பதிவுகளையும் ஸ்வரப் புத்தகங்களையும் வாசலருகே மேஜையில் பரப்பி வைக்கவும், உள்ளூர் மூத்த வித்வானிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டுப் பதிவு செய்துவைக்கவும் அதிகப் பொருள் தேவையில்லை, அக்கறைதான் வேண்டும்.

நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். வேலை நாளின் நண்பகல், அலுவலகத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் உகந்தது. பள்ளிச் சிறுவர்கள் அப்போது வகுப்பில் இருக்கிறார்கள், தொழிற்சாலையிலும் கடையிலும் நிற்பவர்களுக்கு அரை மணி நேர ஓய்வு போய்வரவே போதாது. சனிக்கிழமை நண்பகலாக வைத்தால் இவர்கள் அனைவரும் வரலாம். அதையும் நகர மையத்தில் வைக்காமல், சிகாகோவில் ஹால் கிளை நூல்நிலையம் இருக்கும் தென்பகுதியைப் போன்று ஜாஸ் வித்வான்கள் வாழ்ந்து வளர்ந்த பேட்டைகளின் கிளைகளில் வைக்கலாம். தாழ்ந்த கூரையும் நெருங்கிய புத்தக அலமாரிகளும் ஓசையை உறிஞ்சிக்கொள்ளும் சிறிய அறையொன்றில் டிரம்ஸ்காரர் கோலைக் கையில் எடுக்கத் தயங்க வேண்டியதுமில்லை, டபுள் பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்கும்.